வேலைக்கு விலையா?

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, கோர்ட்டிலிருந்து திரும்பிப் பத்திரிகைக் காரியாலயத்தில் வந்து அமர்ந்த சிறிது நேரத்தில், இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். வயது இருபத்தாறு இருக்கலாம். தொழிற்பயிற்சிப் பள்ளியில் மின்சார வேலை கற்றுத் தேறியவர். அவர் கையில் ஒரு ரசீது இருந்தது. அதில், 'பதிவுக் கட்டணம் ரூ. 30,000' என்று கண்டிருந்தது.

"எவ்வளவு கொடுத்தீர்?" என்று கேட்டோம்.

"ஒரு லக்ஷத்து அறுபதினாயிரம், ஐயா."

"மீதிக்கு ரசீது எங்கே?"

"கேட்டேன், ஐயா. 'ரசீது வேண்டுமா, விஸா வேண்டுமா?' என்றார்கள்."

வளைகுடா நாடு ஒன்றில் மின்சாரத் தொழிலாளி வேலை என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியது வேலைக்கான விஸாவில் அல்ல. ஊர் சுற்றிப் பார்க்கச் செல்வோருக்குக் கொடுக்கும் விஸாவில். அங்கே போய் இறங்கியதும் கிடங்கு ஒன்றில் மூட்டை சுமக்கும் வேலைதான் காத்திருந்தது. சொன்ன சம்பளத்தில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து கடன் வாங்கி அனுப்பிய பணத்தில் டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்திருக்கிறார். தாயாரின் நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா என்பது அவருடைய முதற் கேள்வி. இரண்டாவது கேள்விதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "என் தம்பியும் போகிறேன் என்று நிற்கிறான், ஐயா. போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஊரில் வேலை இல்லை. ஏமாறாமல் போவது எப்படி என்று சொல்லுங்கள்" என்றார் அவர்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வி. ஆகவே இதற்குப் பகிரங்கமாகவே விடை சொல்ல முற்படுகிறோம்.

தரகு ஒரு பாவம் அன்று

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். ஆள் தேடும் முதலாளிக்கும் வேலை தேடும் தொழிலாளிக்கும் நடுவே நின்று இருவரையும் இணைத்து வைப்பது நியாயமான தொழிலே. தூத்துக்குடியில் இருக்கும் பற்றவைப்புத் தொழிலாளிக்கு, தோஹாவில் எந்தக் கம்பெனிக்கு ஆள் தேவை என்று எப்படித் தெரியும்? அந்தக் கம்பெனிக்குத்தான் இவர் இருப்பது எப்படித் தெரியும்? இரண்டையும் அறிந்த ஒருவர் இடையில் இருந்தால் இருவருக்கும் நன்மை. அந்த உழைப்புக்குக் கூலி பெறுவதில் தவறில்லை.

கேள்வியெல்லாம், அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதுதான். உள்ளூர்க் கம்பெனி உத்தியோகங்களில் ஒழுங்கான ஏஜென்சிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். ஒரு கணக்கரையோ இஞ்சினீயரையோ அமர்த்திக் கொடுத்தால், அவருடைய வருஷச் சம்பளத்தில் ஒரு பங்கை, பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தை, முதலாளியிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். அமர்ந்தவர் சில மாதங்களுக்குள் விலகிவிட்டால் வேறொருவரை இலவசமாகத் தேடித் தருவதாகவும் ஒப்புக்கொள்கிறார்கள். வேலைக்கு வருகிறவர் சல்லிக் காசு கொடுப்பதில்லை. இன்னொரு வகை ஏஜென்சியும் உண்டு. அது தொழிலாளியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பிறருடைய ஆலைக்கோ ஆபீஸுக்கோ அனுப்பி, சம்பளத்துக்குமேல் ஒரு லாபம் வைத்து அந்த முதலாளியிடம் வசூலிக்கிறது. அவ்வகையில் சேருகிறவர், தமது சேமநிதிக் கணக்கு யார் பெயரில் செலுத்தப்படுகிறது, மாதாமாதம் செலுத்தப்படுகிறதா என்பதைத் தவறாமல் கவனிக்க வேண்டும்.

படித்தவன் உத்தியோகத்துக்குப் போனால் முதலாளி தரகு கொடுக்கிறார். பாடுபடுகிறவன் பாலைவனத்துக்குப் போனால் அவனே தரகு கொடுக்கிறான். இருபதினாயிரம் ரூபாய் சம்பளக்காரன் ஒன்றரை லக்ஷம் கொடுக்க வேண்டியிருக்கிறது. லக்ஷ ரூபாய்ச் சம்பளக்காரன் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. இதைக் காட்டிலும் தலைகீழான நியாயத்தை நாம் கண்டதில்லை.

கங்காணியின் துண்டு

இந்த அநீதி நமக்குப் புதியதன்று. 1860-ஆம் வருஷத்தில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குச் சென்றது. ஐந்து வருஷ ஒப்பந்தம். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் பிடிப்போர் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். போகிற இடம் எது, வேலை எது என்பதைப் பற்றிக் கிராமத்தாருக்கு அவர்கள் சொன்ன கதைகள் பல. இன்று 'மின்சார வேலை' என்று சொல்லி மூட்டை தூக்க வைப்பதும் அந்தக் கதையின் புதிய பதிப்பே.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தது கங்காணி முறை. இலங்கையில் அதன் கொடிய அங்கம் 'துண்டு' என்பது. தோட்டத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். அது கூலிகளின் பெயரில் கடனாக ஏறும். 'இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன்' என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அடுத்த தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்கள் அங்கே போவார்கள். அவர்களோடு கடனும் போகும். மனிதனுக்கும் கடனுக்கும் சேர்த்து ஒரே சீட்டு! 1921-ஆம் வருஷத்தில் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துண்டு முறையில் முதற் பணத்தைப் போட்டவர் முதலாளிதான். ஆனால் அது தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. ஆகையால், 'முதலாளியே தரகைக் கொடுக்க வேண்டும்' என்று சொன்னால் மட்டும் போதாது. 'கொடுத்ததைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது' என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நியாயமாகும்.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த ஓர் ஏற்பாடும் சரித்திரத்தில் உண்டு. 1907-ஆம் வருஷத்தில் மலேயாவில் 'தமிழர் குடியேற்ற நிதி' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் அதற்கு வரி கட்ட வேண்டும். ஆள் சேர்க்கும் செலவும் கப்பற் கட்டணமும் அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டன. வந்து இறங்கும் தமிழன் கடனில்லாமல் இறங்கினான். இதைச் செய்தது தர்ம சிந்தனையினால் அன்று. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. எனினும் செய்தார்கள். அங்கே கூலி குறைவு, வாழ்வு கஷ்டம், மானம் மலிவு என்பனவெல்லாம் உண்மையே. ஆனால் வேலைக்குச் சேருவதற்காக அவன் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகவில்லை. வெள்ளைக்காரத் தோட்டக்காரன் 1907-இல் கொடுத்த செலவை, சுதந்திர இந்தியாவின் தொழிலாளி இன்று தானே கொடுக்கிறான் என்றால், நாம் முன்னேறினோமா, பின்வாங்கினோமா?

சட்டம் என்ன சொல்லுகிறது?

1922-ஆம் வருஷத்து இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், சாதாரணக் கூலி வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்புவதைச் சர்க்காரின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மலேயாவில் கூலியைக் குறைத்தபோது 1938-இலும், இலங்கையில் இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கியபோது 1939-இலும், ஆள் அனுப்புவதை இந்தியா தடுத்து நிறுத்தியது. அடிமை நாடாக இருந்தபோதே நமது ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு அவ்வளவு பலம் இருந்தது என்பதை இன்றைய ஊழியர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் செல்வம் பெருகி, நமது ஆட்கள் திரள் திரளாகப் போகத் தொடங்கிய பிறகு, 1983-இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி, அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய சர்க்காரிடம் பதிவு செய்துகொண்டு சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ரூ. 50 லக்ஷம் வரையில் பாங்கு உத்தரவாதம் கட்ட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள், வளைகுடா நாடுகள், மலேசியா முதலாகக் குறிக்கப்பட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். சென்னையில் அந்த அதிகாரியின் காரியாலயம் இருக்கிறது. 'இ-மைக்ரேட்' என்ற சர்க்கார் இணையதளத்தில், பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதாவை யாரும் பார்க்கலாம். அனுமதி பெறும் தொழிலாளிக்குப் பத்து லக்ஷ ரூபாய் விபத்து இன்ஷூரன்ஸும் உண்டு; இரண்டு வருஷத்துக்கு ரூ. 275, மூன்று வருஷத்துக்கு ரூ. 375 கட்டினால் போதும்.

ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் விதியில் எல்லை உண்டு: ரூ. 30,000-உம் அதற்குரிய வரியும். அதற்குமேல் ஒரு காசு வாங்கினாலும் குற்றம். நம்மிடம் வந்த இளைஞரின் ரசீதில் சரியாக 30,000 என்று கண்டிருந்ததன் இரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா? சட்டத்தை அறியாதவர் எழுதிய ரசீது அன்று அது. சட்டத்தை நன்றாக அறிந்தவர் எழுதியது.

சரி, குற்றத்துக்குத் தண்டனை என்ன? 1983-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது இரண்டு வருஷம் வரையில் சிறைவாசம். இரண்டாயிரம் ரூபாய் வரையில் அபராதம். ஒரே மனிதனிடம் லக்ஷத்துக்குமேல் அதிகப்படியாகப் பறிப்பவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதம்! இது தண்டனையா, வியாபாரச் செலவா? இச்சட்டத்துக்குப் பதிலாக, 2019, 2021, 2025 ஆகிய வருஷங்களில் புதிய மசோதாக்களின் நகல்கள் பொதுஜன அபிப்பிராயத்துக்காக வெளியிடப்பட்டன. நகல் மேல் நகல் வந்ததே தவிர, அடகுக் கடைக்குப் போகும் வரிசை குறையவில்லை.

சட்டத்தின் எல்லையை மீறுவதன் பரிமாணம் எவ்வளவு என்பதற்கு 2015-ஆம் வருஷத்தில் கேரளத்தில் வெளிவந்த ஒரு வழக்கே சாக்ஷி. குவெய்த்துக்கு அனுப்பப்பட்ட நர்ஸுகளிடம், வாங்கக்கூடிய ரூ. 19,500-க்குப் பதிலாக ரூ. 19½ லக்ஷம் வரையில் வாங்கப்பட்டது என்பது அவ்வழக்கில் மத்தியப் புலனாய்வு இலாகாவார் சாட்டிய குற்றம். ஒரு தொகைக்குப் பின்னால் இரண்டு சைபர்களைச் சேர்ப்பதற்குள்ள துணிவைப் பாருங்கள்! அதே வருஷத்தில், அந்த 18 நாடுகளுக்கு நர்ஸுகளைச் சர்க்கார் ஸ்தாபனங்களின் மூலமாகவே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

இணையத்து விளம்பரப் பலகைகள்

முற்காலத்தில் உத்தியோகம் வேண்டியவர் பத்திரிகையின் 'தேவை' விளம்பரத்தைத் தேடுவார். இன்று அந்தப் பத்தி இணையத்துக்குக் குடிபோய்விட்டது. அமெரிக்காவில் 1994-இலும், நமது நாட்டில் 1997-இல் 'நௌக்ரி' தளத்தின் மூலமும் தொடங்கிய இப்பழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. இத்தளங்களின் வருமானம் பெரும்பாலும் முதலாளிகளிடமிருந்து வருகிறது. விளம்பரம் போடுவதற்கும், விண்ணப்பதாரர்களின் விவரங்களைப் புரட்டிப் பார்ப்பதற்கும் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். வேலை தேடுகிறவர் பதிவு செய்வதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 'உமது விண்ணப்பத்தை முதலில் காட்டுகிறோம்' என்று சில தளங்கள் கட்டணம் கேட்பதுண்டு. அது வேலைக்குக் கட்டணம் அன்று, விளம்பரத்துக்குக் கட்டணம். கொடாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

பொதுத் தளங்களைவிட, ஒரு தொழிலுக்கென்றே அமைந்த தளங்கள் அதிகப் பிரயோஜனமானவை. கடைத்தெரு முழுவதும் சுற்றி ஆணி தேடுவதைவிட இரும்புக் கடைக்கு நேரே போவது நல்லதல்லவா? இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் உள்ள காலியிடங்களுக்கு 'என்.எச்.எஸ். ஜாப்ஸ்' என்ற தளம் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவதை 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தினாலேயே அந்நாட்டார் தடுத்திருக்கிறார்கள். கப்பல் வேலைக்குப் போக விரும்புகிறவர், நமது கப்பல் போக்குவரத்து இலாகாவின் தளத்தில், ஆள் சேர்க்க லைசென்ஸ் பெற்ற கம்பெனிகளின் ஜாபிதாவைக் காணலாம். தமிழ்நாடு சர்க்கார் 1978-இல் ஸ்தாபித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் காலியிடங்களைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. நம் ஜில்லாக்களில் இதன் பெயரை அறியாத பட்டதாரிகளே அநேகர் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இத்தளங்களில் விண்ணப்பம் போடுகிறவருக்கு ஒரு யோசனை. 'எந்த வேலையும் செய்வேன்' என்று எழுதாதீர்கள். எந்த வேலையும் செய்கிறவனை எந்த முதலாளியும் தேடுவதில்லை. 'பற்றவைப்புத் தொழிலாளி' என்று மட்டும் எழுதினால் ஆயிரத்தில் ஒருவர் ஆவீர்கள். எந்த முறையில் பற்றவைப்பீர்கள், குழாயிலா தகட்டிலா, 'ஆறு-ஜி' பரீக்ஷையில் தேறியதுண்டா, எத்தனை வருஷம், எந்த ஆலையில் என்று எழுதினால் பத்தில் ஒருவர் ஆவீர்கள். சான்றிதழ்களின் நகலை அனுப்பலாம். மூலத்தை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. பாஸ்போர்ட்டும் அப்படியே. விஸா வேலைக்காகக் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்திட்ட ரசீது வாங்க வேண்டும்.

படித்தவனும் தப்பவில்லை

'ஏமாறுவது படிக்காதவன், நாம் ஏமாறமாட்டோம்' என்று இதைப் படிக்கும் பட்டதாரி நினைக்கலாம். சட்டமும் அப்படித்தான் நினைத்தது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அதிகாரியின் அனுமதி தேவையில்லை என்று விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் புதிய ஆள்பிடிப்போர் நுழைந்தார்கள்.

2022-ஆம் வருஷம் செப்டம்பரில் இந்திய சர்க்கார் ஓர் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்து, போனவர்களை எல்லை கடத்தி மியான்மரில் மியாவாடிப் பிரதேசத்துக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து உலகத்தாரை ஏமாற்றுவது. மறுத்தவர்களுக்கு அடி. அந்த அக்டோபரிலேயே 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானங்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்து வழியாகத் தாய்நாடு கொண்டுவரப்பட்டார்கள். இப்படிச் சிறைப்பட்டு மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் மியான்மரில் 1,20,000 பேர், கம்போடியாவில் 1,00,000 பேர் வரையில் இருக்கலாம் என்று 2023-இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் காரியாலயம் மதிப்பிட்டது. அவர்களில் அநேகர் இங்கிலீஷ் தெரிந்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். படிப்பு கண்ணைத் திறக்கும் என்பது உண்மை. ஆனால் பசியும் ஆசையும் சேர்ந்தால் திறந்த கண்ணும் மூடிக்கொள்ளும்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது

இனி, அந்த இளைஞரின் தம்பிக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான்.

முதலாவது, ஏஜெண்டின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் ஜாபிதாவில் தாமே பார்க்க வேண்டும். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை நம்புவது, தராசைப் பார்க்காமல் கடைக்காரன் முகத்தைப் பார்த்துச் சாமான் வாங்குவதற்குச் சமானம். பதிவு பெற்றவரின் 'ஆள்' என்று சொல்லிக்கொண்டு கிராமத்துக்கு வருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பணம் இந்த உப-தரகர்கள் கையில்தான் பெரும்பாலும் மறைகிறது.

இரண்டாவது, எந்த விஸா என்று பார்க்க வேண்டும். 'முதலில் விஸிட் விஸாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்கிறவர் வேலை தேடித் தருகிறவர் அல்லர். 'ஃப்ரீ விஸா' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. அதற்குச் சொந்தமான முதலாளி ஒருவர் காகிதத்தில் இருப்பார்; வேலை மட்டும் இராது.

மூன்றாவது, ஒப்பந்தத்தைப் புறப்படுவதற்கு முன்பே, தமக்குத் தெரிந்த பாஷையில் படித்துப் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அது எந்த நாணயத்தில், சாப்பாடும் இடமும் யார் பொறுப்பு, வேலை நேரம் எவ்வளவு, திரும்பி வரும் டிக்கெட் யாருடையது என்பன அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே இறங்கியதும் வேறொரு ஒப்பந்தத்தை நீட்டினால், அந்தப் பிரதிதான் அவருக்குத் துணை.

நான்காவது, பணம் கொடுத்தால் பாங்கு மூலமாகவே கொடுக்க வேண்டும். ரசீதில் காட்டாத பணத்தைக் கேட்கிறவர், நாளைக்குக் கோர்ட்டில் வாங்கவே இல்லை என்று சொல்லுவதற்கு இன்றே தயாராகிறார் என்று பொருள். நம்மிடம் வந்த இளைஞருக்கு வக்கீல் என்ற முறையில் நாம் கொடுக்க முடிந்த உதவி இங்கேதான் தடைப்பட்டது. முப்பதினாயிரத்துக்கு ரசீது இருக்கிறது. மீதி ஒரு லக்ஷத்து முப்பதினாயிரத்துக்கு அவருடைய தாயாரின் கண்ணீரும் அடகுச் சீட்டும்தான் சாக்ஷி. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நகையை அடகு வைத்த தேதியும் பணம் கொடுத்த தேதியும் ஒன்றாக இருப்பதை அதில் எடுத்துக் காட்டியிருக்கிறோம். முயற்சி செய்வோம், ஆனால் ஒரு வங்கிச் சீட்டு இருந்திருந்தால் இந்த முயற்சிக்கு எவ்வளவோ பலம் இருந்திருக்கும்.

'முதலாளி கொடுக்கமாட்டான்' என்பார்கள்

தொழிலாளியிடம் தரகு வாங்கக் கூடாது என்று நாம் சொன்னால், ஏஜெண்டுகள் தரப்பில் ஓர் ஆட்சேபம் வரும். 'அயல்நாட்டு முதலாளி ஒரு காசு கொடுக்கமாட்டான். நாம் கேட்டால் வேறு நாட்டிலிருந்து ஆளை எடுத்துக்கொள்வான். நமது ஆட்களுக்குத்தான் பிழைப்பு போகும்' என்பார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. 2015-இல் நேபாள சர்க்கார், வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகும் தொழிலாளியின் விஸா செலவையும் டிக்கெட்டையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்று விதித்தார்கள். விதி காகிதத்தில் நின்றது. அதிகப் பணம் வாங்குவது கை மறைவில் நடந்துகொண்டே இருந்தது. காவலில்லாத சட்டம் கதவில்லாத வீடு.

ஆனால் கடலைப் பாருங்கள். 2006-ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஆள் சேர்ப்பதற்காகக் கப்பற்றொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதித்தது. மருத்துவச் சான்றிதழ், கடலோடியின் பதிவுப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனுடையது. அந்த உடன்படிக்கை 2013-இல் அமலுக்கு வந்தது. 2015-இல் இந்தியாவும் ஏற்றது. அதனால் கப்பல்கள் நின்றுவிட்டனவா? இந்திய மாலுமிகளைக் கப்பல் முதலாளிகள் கைவிட்டார்களா? இல்லை. போலி ஏஜெண்டுகள் அங்கும் உண்டு. எனினும் பணம் கேட்பதே குற்றம் என்று இருப்பதால், கேட்டவுடனேயே அவன் போலி என்று தெரிந்துவிடுகிறது. எல்லை 30,000 என்று வைத்தால், எல்லையை மீறினானா என்று நிரூபிக்க வேண்டும். எல்லை சூனியம் என்று வைத்தால், வாங்கினான் என்பதே போதும். வக்கீல் தொழிலில் உள்ளவர்கள் இந்த வித்தியாசத்தின் பலத்தை அறிவார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1997-ஆம் வருஷத்து 181-ஆவது உடன்படிக்கையும் இதே கொள்கையைத்தான் தரைத் தொழிலாளருக்கும் பொதுவிதியாகச் சொல்லுகிறது. கடலில் நியாயமானது கரையில் எப்படி அநியாயமாகும்?

நாம் செய்ய வேண்டியது

மத்திய சர்க்கார், புதிய சட்டத்தில் தொழிலாளியிடம் கட்டணம் என்ற வார்த்தையையே நீக்க வேண்டும். முதலாளி கொடுத்ததைச் சம்பளத்தில் பிடிப்பதையும் தடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு என்ற கோட்டை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இருப்பவனுக்கு மட்டும் பாதுகாப்பு என்பது கூடாது. தமிழ்நாடு சர்க்கார் தமது நிறுவனத்தின் கிளையை ஒவ்வொரு ஜில்லாத் தலைநகரிலும் திறக்க வேண்டும். தனியார் ஏஜெண்டுக்குப் பக்கத்திலேயே நாணயமான சர்க்கார் ஏஜெண்டு உட்கார்ந்தால் பாதி மோசடி தானே அடங்கும்.

இவையெல்லாம் சர்க்காரின் கடமை. நமது கடமை ஒன்று உண்டு. அதற்குச் சட்டமும் மசோதாவும் வேண்டியதில்லை. இப்பக்கத்தைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பொதுக் காரியத்தில் ஈடுபட்டவர்கள். உங்கள் ஊரில் ஒரு வாசகசாலையோ சங்கமோ இருக்கும். வாரத்தில் ஒரு மாலை, அதன் வாயிலில் ஒரு மேஜையைப் போட்டு, வெளிநாடு போக நினைக்கும் இளைஞர்களின் காகிதங்களைப் பார்த்துக் கொடுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கைபேசியிலேயே சோதித்துச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்ல அரை மணி நேரம். தேர்தல் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்குகிற நமக்கு இது பெரிய சிரமமா?

அடுத்த வாரம் அந்த இளைஞர் தம் தம்பியை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவரும் காகிதத்தை நாம் பார்ப்போம். உங்கள் ஊரில் உள்ள தம்பிகளின் காகிதத்தை நீங்கள் பாருங்கள்.